ஐந்து மணிக்கு அவிழும் காப்பு

“யாரோட வலிம்மா வேணும்?”

மைதானத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சகாயம் அப்படிக் கேட்டபோது செண்பகவல்லிக்குப் பதினெட்டு வயது. புடவைக் கடையில் கரை என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்பார்களே, அந்த மாதிரித்தான் கேட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் கோவில்பட்டி கரிசல் ஹாக்கி அணியின் ஆட்டக்காரர்கள் படமாகத் தொங்கினார்கள்.

வல்லிக்கு வெளியாட்களிடம் பேச்சு வராது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் கேட்டவர்களுக்குக்கூட அவள் பதில் சொன்னதில்லை. அண்ணன் சுடலைமணி பின்னாலிருந்து முதுகைத் தட்டினான்.

“வாயத் தொறந்து சொல்லு தாயி. பிரசாதம் குடுக்க மாட்டேன்னா சொல்லுதாரு?”

அவள் விரலை நீட்டினாள். இரண்டாம் வரிசையில் கடைசிப் படம். அப்போதுதான் அணியில் சேர்ந்திருந்த தடுப்பாட்டக்காரன். உதட்டுக்கு மேல் மீசை இன்னும் முடிவு செய்துகொள்ளாத முகம்.

“அருஞ்சுனையா?” சகாயம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “இவன் பெனால்டி கார்னருக்கு மொத ஆளா ஓடுறவன்மா. அங்கிருந்து அடிக்கிற பந்த மட்டையால நிப்பாட்ட நேரமிருக்காது, உடம்பாலதான் மறிக்கணும். நெறைய வாங்குவான். கோல்கீப்பர எடுத்துக்கோயேன், அவருக்குக் கவசம் உண்டு.”

அவள் விரல் அங்கேயே நின்றது.

“சரி. கையக் குடு.” இரண்டு விரல் அகலக் கருப்புப் பட்டை ஒன்றை எடுத்து இடது மணிக்கட்டில் சுற்றினார். “அவன் பிடரியில ஒரு வில்லை வச்சிருக்கோம். அடி விழுந்தா மூளைக்குப் போற வலிய அது வழிமறிச்சு இதுமாதிரிப் பட்டைகளுக்குப் பிரிச்சு அனுப்பிரும். அவனுக்கு இதுவரைக்கும் முன்னூறு பேர் இருக்காங்க. எலும்பே முறிஞ்சாலும் உனக்கு எறும்பு கடிச்ச மாதிரிதான்.”

“அவனுக்கு?” என்றான் சுடலைமணி.

“அவனுக்கு என்ன? ஒண்ணுமே தெரியாது. ஓடிக்கிட்டே இருப்பான்.”

சுடலைமணி தன் வலது முழங்காலைத் தடவினான். அவனும் ஒரு காலத்தில் இதே ஊர் மட்டைக்காரன். முழங்கால் போய், வலி பொறுக்காமல் இருபத்து மூன்று வயதில் மட்டையைத் தூக்கிப் பரணில் போட்டவன்.

“எங்காலத்துல இது இல்லாமப் போச்சே அண்ணாச்சி” என்றான்.

அணியை நடத்திய கம்பெனி அந்தப் பட்டைக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தது. ஊர் அதைக் காப்பு என்றது. கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். யாரும் சொல்லாமலே அந்த வழக்கம் இதற்கும் ஒட்டிக்கொண்டது. ஆட்டப் பருவம் தொடங்கிவிட்டால் காப்புக் கட்டியவர்கள் சொந்தத் தம்பி கல்யாணம் என்றாலும் சாத்தூர் தாண்டிப் போக மாட்டார்கள்.

வலி போனதும் ஆட்டம் வேறாகிவிட்டது. முன்பெல்லாம் மட்டை காலில் பட்டால் ஆட்டக்காரன் உட்கார்ந்துவிடுவான், மருந்தடிப்பார்கள், எழுந்து நொண்டுவான். இப்போது உட்காருவதற்குக் காரணமே இல்லை. தாடை விலகியவன் அதைக் கையால் தள்ளிப் பொருத்திக்கொண்டு ஓடினான். கட்டை விரல் நகம் பிய்ந்து தொங்கியவன் அதைக் கடித்துத் துப்பிவிட்டுப் பந்தைப் பார்த்தான். பச்சைத் தரையில் தண்ணீர் தெளிக்கிறவர்கள் இடைவேளைகளில் சிவப்பையும் கழுவினார்கள். ஒவ்வொரு அடிக்கும் கேலரியில் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் “ஸ்ஸ்” என்று மூச்சிழுத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சத்தத்துக்காகவே வெளியூர்க்காரர்கள் ஆட்டம் பார்க்க வந்தார்கள்.

காப்புக் கட்டாத அணி ஒன்றே ஒன்று இருந்தது, தூத்துக்குடி. அவனவன் வலி அவனவனுக்கு என்று பிடிவாதமாக இருந்தார்கள். அதனால் பயந்து ஆடினார்கள், பயந்ததால் முக்கியமான ஆட்டங்களில் தோற்றார்கள். கோவில்பட்டிக் கேலரி அவர்களை “அழுகுணி அணி” என்றது.

போன வருட அரையிறுதி தூத்துக்குடியோடுதான். கடைசி ஏழு நிமிடத்தில் தொடர்ந்து நான்கு பெனால்டி கார்னர். நான்குக்கும் அருஞ்சுனை முதல் ஆளாகக் கோட்டிலிருந்து பாய்ந்தான். முதல் பந்து முழங்காலுக்குக் கீழே. இரண்டாவது வயிற்றில். மூன்றாவது காறை எலும்பில். பட்ட சத்தம் கேலரி உச்சி வரைக்கும் கேட்டது. நான்காவது வாயில். இரண்டு பற்களைத் துப்பி நடுவர் கையில் கொடுத்துவிட்டு அவன் மறுபடி கோட்டுக்குப் போனான். ஊர் எழுந்து நின்று கத்தியது. வல்லி ஈறு கூசக் கண்ணீர் வழியச் சிரித்தாள். நெஞ்சு விரிந்து போயிருந்தது. அவன் மறித்ததில் முந்நூறில் ஒரு பங்கு தன்னுடையது என்று நினைத்தாள்.

அடுத்த நிமிடமே அது நடந்தது. பந்தோடு வந்த தூத்துக்குடி முன்னாட்டக்காரனின் மணிக்கட்டில் அருஞ்சுனை மட்டையை இறக்கினான். வேண்டுமென்றா, பந்துக்குத்தானா என்று நடுவருக்கே தெரியவில்லை. கை முழங்கைக்குக் கீழே இன்னொரு மூட்டு முளைத்தது போல மடங்கியது. அவன் தரையில் உருண்டு கத்தினான். மைதானத்தில் அப்படியொரு சத்தம் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. கேலரி கைகொட்டிச் சிரித்தது. “அழுகுணி! அழுகுணி!”

அருஞ்சுனை மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, கத்துகிறவனின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். புரியாத பாஷையில் யாரோ தன்னிடம் முக்கியமாக எதையோ சொல்கிறார்கள் என்பது போல.

அன்றிலிருந்து வல்லிக்கு ஆட்டம் பழைய மாதிரி இனிக்கவில்லை. ஆனால் போகாமலும் இருக்க முடியவில்லை.

வருடத்தில் ஒரு நாள் மாலை ஐந்து மணியோடு ஆட்டக்காரர்களை அணிகள் கைமாற்றிக்கொள்கிற நேரம் முடியும். அதை ஊரில் கெடு என்பார்கள். கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அருஞ்சுனை அவள் வேலை செய்கிற கடலைமிட்டாய்ப் பட்டறைக்கு வந்தான்.

மதியச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் போயிருந்தார்கள். அவள் அடுப்பில் வெல்லப்பாகைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். ஆறு வருடம் தூரத்தில் பார்த்த ஆள் மூன்றடியில் நின்றான். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. புருவத்துக்கு மேல் தையல்.

“ரெண்டு கிலோ கெடைக்குமா? ஊருக்குக் கொண்டு போகணும்.”

அவள் தலையாட்டிவிட்டுப் பொட்டலம் கட்டத் திரும்பினாள். உள்ளங்கையில் சுருக்கென்றது. எறும்பு. திரும்பிப் பார்த்தாள். அவன் வேடிக்கை பார்த்தபடி கொதிக்கிற பாகுச் சட்டியின் விளிம்பில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தான்.

“கைய எடுங்க!”

அவ்வளவு சத்தம் தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. அவன் கையை எடுத்துப் பார்த்தான். தோல் விளிம்போடு ஒட்டி உரிந்து வந்திருந்தது. தீய்ந்த வாடை.

“யாராவது சொன்னாத்தான் தெரியுது” என்றான், கைக்குட்டை மறந்துபோனவன் மாதிரி. பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தான். “எனக்கா கட்டியிருக்கீங்க?”

தலையாட்டினாள்.

“எத்தன வருசமா?”

ஆறு விரல் காட்டினாள். அவன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவன் கையில் ஊற்றினாள். அவளுடைய உள்ளங்கையில் எறும்புக்கடி அடங்கியது.

“பல்லு போன அன்னைக்கு எப்படிங்க இருந்துச்சு?”

போய் வராத ஊரைப் பற்றி விசாரிக்கிற குரல். அவள் சொம்பைக் கீழே வைத்தாள்.

“ஐஸ் தண்ணி பல்லுல பட்ட மாதிரி. அவ்வளவுதான்.”

“அந்தத் தூத்துக்குடிப் பையன் அப்படியா கத்துனான்? அது ஐஸ் தண்ணி இல்லியே.” கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “நான் அவனுக்கு என்ன செஞ்சேன்னே எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போயி மன்னிப்புக் கேட்டேன். எதுக்குக் கேக்கேன்னு தெரியாமயே கேட்டேன். அவன் சொல்லுதான், ‘நீ ஒண்ணும் கேக்காத, போ’ன்னு.”

பாகு பொங்கியது. அவள் கிண்டினாள்.

“நானாத்தான் கேட்டிருக்கேன், தூத்துக்குடிக்கு மாத்திவிடுங்கன்னு. அங்க காப்பு கெடையாது. பிடரியில இருக்கிறத எடுத்துருவாங்க.” குரலைத் தாழ்த்தினான். “டாக்டர் படம் எடுத்துப் பாத்தாரு. விலா எலும்பு எத்தன எடத்துல ஒட்டியிருக்குன்னு அவருக்கே கணக்குத் தெரியல. இன்னும் ரெண்டு வருசம் இப்படி ஓடுனா ஒரு நாள் ஓடிக்கிட்டே செத்துப் போவேன், எனக்கே தெரியாதுங்காரு. யார்ட்டயும் சொல்லிராதீங்க.”

சொல்ல அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த வாரம் முழுக்க அவள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் போக வேண்டும், பிழைக்க வேண்டும். அவன் போகக் கூடாது, போனால் இந்தக் கையில் என்ன மிச்சம்? ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கே போவாள்? தன் உடம்பில் தனக்குச் சொந்தமில்லாத ஒன்று ஓடுகிற அந்தப் பெருமையை எதை வைத்து நிரப்புவாள்? பேரம் முறிந்துபோகட்டும் என்று வேண்டிக்கொள்ளக் கோயில் வரைக்கும் போய்விட்டு, முடிந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டு திரும்பினாள்.

கெடு நாள். நாலு மணிக்கு எல்லார் கைபேசியிலும் செய்தி வந்தது. ‘ஆட்டக்காரரின் சொந்த விருப்பத்தின் பேரில் அருஞ்சுனை தூத்துக்குடி அணிக்கு மாற்றப்படுகிறார்.’

சுடலைமணி அதை மூன்று தரம் வாசித்தான். விற்றிருந்தால் கம்பெனியைத் திட்டிவிட்டுப் போயிருப்பான்.

“சொந்த விருப்பமாம்லே” என்றான். “நம்ம வாங்குன வலி தொரைக்கு வேண்டாமாம். அழுகுணிப் பயலுக கூடப் போயி ஒக்காந்து அழப் போறாராம்.”

அவனும் ஆறு வருடமாக அருஞ்சுனைக்குத்தான் காப்புக் கட்டியிருந்தான். தான் விட்ட ஆட்டத்தை இன்னொருவன் கால் ஆடுகிறது என்று நினைத்தவன். பரணிலிருந்து தன் பழைய மட்டையை எடுத்துப் பிடியில் துணியை இறுக்கிச் சுற்றினான். வல்லி வாசலில் குறுக்கே நின்றாள்.

“அண்ணே, வேண்டாம்ணே.”

“நீ வீட்ல இரு.”

அவள் இருக்கவில்லை. நொண்டிப் போகிறவன் பின்னால் ஓடினாள்.

மைதானத்து மேற்கு வாசலில் முந்நூறு பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள், ஒர்க்‌ஷாப்காரர்கள், சாலைக்கு எதிர்ப்பக்கக் கடைப் படிக்கட்டில் பெண்கள். ஆண்கள் எல்லார் கையிலும் மட்டை. சாலைக்கு அந்தப் பக்கம், நாற்பது எட்டு தூரத்தில், தூத்துக்குடியின் வெள்ளை வேன் நின்றது. விதிப்படி ஐந்து மணி வரை ஆட்டக்காரன் பழைய அணியின் வளாகத்தை விட்டு வெளியே வரக் கூடாது. கம்பிக் கதவுக்கு உள்பக்கம் அருஞ்சுனை தோளில் பையோடு நின்றான். காவலாளிகள் இரண்டு பேரும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

எவனோ ஒரு கல்லை விட்டெறிந்தான். அது கம்பிக்கு நடுவே போய் அருஞ்சுனையின் தோளில் பட்டது. அவன் அசையவில்லை. வெளியே முந்நூறு பேரும் “ஸ்ஸ்” என்று தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

“எவம்லே அது!” சுடலைமணி கத்தினான். “கூறுகெட்டவனே, இப்ப எறிஞ்சா நமக்குத்தாம்லே வலிக்கும்! அஞ்சு மணிக்குக் காப்பு தானா அவுந்துரும். அதுவரைக்கும் ஒரு பய கை நீட்டப்படாது.”

“அண்ணாச்சி, பத்து நிமிசம் இருக்கே.”

“ஆறு வருசம் பொறுத்தீல்ல? பத்து நிமிசம் பொறு.”

ஆகவே பொறுத்தார்கள். ஒருவனை அடித்து நொறுக்க வந்த கூட்டம், பஸ்ஸுக்கு நிற்பது போலக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவர் பீடி பற்ற வைத்தார். உள்ளே நிற்பவனும் கடிகாரத்தைத்தான் பார்த்தான்.

சகாயம் வேர்க்க விறுவிறுக்க வந்து கைகளை விரித்தார். “ஏய், கேளுங்கப்பா. அவன் பிடரி வில்லைய ஆறு மணிக்குத்தான் தூத்துக்குடி டாக்டரு அணைப்பாரு. அஞ்சுக்குப் பூட்டு மட்டுந்தான் அவுறும். ஒரே ஒரு காப்பு எவன் தோல்லயாவது ஒட்டியிருந்தா வலி பூராவும் அங்கதான் போகும். முன்னூறுல ஒரு பங்கு இல்ல, முழுசா. ஆள் தாங்காது. அதுக்காகவாவது கலைஞ்சு போங்க!”

“கேட்டீகள்லா?” என்றான் சுடலைமணி. “அவுந்ததும் எல்லாரும் கழத்தி இந்தச் சாக்குல போடுங்க. ஒண்ணு விடாம.”

சகாயம் தலையில் அடித்துக்கொண்டார். தடுக்கச் சொன்னது வழிகாட்டியதாகிவிட்டது.

ஐந்து மணிச் சங்கு ஊதியது. முந்நூறு மணிக்கட்டுகளில் ‘டிக்’ என்று ஒரே சத்தம். சாக்கு கைமாறிப் போனது. ஆண்கள் கழற்றிப் போட்டார்கள், பெண்கள் கழற்றிப் போட்டார்கள். சுடலைமணி ஒவ்வொரு ஆளின் கையையும் தடவிப் பார்த்தான். தங்கச்சியின் கையை மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

வல்லி துப்பட்டாவுக்குள் இடது கையை மறைத்து, அவிழ்ந்த காப்பை வலது கையால் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் நின்றாள்.

கதவு திறந்தது. அருஞ்சுனை வெளியே வந்தான். ஓடவில்லை.

முதல் அடி சுடலைமணியுடையது. வலது முழங்காலுக்குப் பின்பக்கம்.

எறும்பு இல்லை. முழங்காலைக் கதவிடுக்கில் வைத்து யாரோ அறைந்து சாத்தியது போலிருந்தது. வல்லி படியிலேயே மடிந்தாள். பக்கத்திலிருந்த பெண் “ஏ புள்ள, மயக்கமா?” என்றாள். அதற்குள் இரண்டாவது விழுந்தது, விலாவில். மூச்சு போன இடத்திலிருந்து திரும்பவில்லை. மூன்றாவது முதுகில். நான்காவது எங்கே என்று தெரியவில்லை, உடம்பு முழுக்க ஒரே இடமாகிவிட்டது. துப்பட்டாவை வாயில் திணித்துக் கடித்தாள். கத்தினால் காட்டிக்கொடுத்துவிடும்.

அவன் தூறலில் நடக்கிறவன் போல நடந்துகொண்டிருந்தான். மட்டைகள் விழுந்தன. சட்டை கிழிந்தது. காதிலிருந்து ரத்தம் இறங்கிக் கழுத்துப்பட்டையை நனைத்தது.

“ஏலே, இவனுக்கு உறைக்கவே மாட்டேங்குதே!”

“ஓங்கி வைலே!”

பாதி வழியில் அவன் நின்றான். வேன் இருபது எட்டுதான். போயிருக்கலாம். ஆனால் எதையோ எதிர்பார்த்து வந்தவன் அது வராததால் குழம்பிப்போய் நிற்பது போல நின்று, பிடரியைத் தொட்டுப் பார்த்தான். தன்னை அடித்துக்கொண்டிருந்தவனிடமே கேட்டான்.

“அண்ணே, மணி அஞ்சு ஆயிருச்சுல்ல?”

“நக்கலப் பாத்தீளா இவனுக்கு!”

அதற்குப் பிறகு அடித்ததில் வெறி ஏறியது. முன்பு கோபத்தில் அடித்தார்கள். இப்போது கத்த வைக்க வேண்டும் என்று அடித்தார்கள். அவனோ கைகளைத் தொங்கவிட்டு, வரட்டும் என்று நின்றான். வல்லி கண்ணைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவன் உடம்பில் ஒரு பாகம் கோணலாகியிருந்தது. அவனுக்குத்தான் தெரியவில்லை.

“தள்ளுங்கலே!”

சுடலைமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். மட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினான். அருஞ்சுனை அதை அண்ணாந்து பார்த்தான். கையைத் தூக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

பாகுச் சட்டியின் விளிம்பில் கையை ஊன்றி நின்ற ஆள். யாராவது சொன்னாத்தான் தெரியுது.

‘தலைய மூடுங்க’ என்று கத்த வாயைத் திறந்தாள். விலாவில் காற்று இல்லை. அவளிடம் சொல்வதற்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. ஆறு வருட வேர்வையில் ஊறி ஒட்டியிருந்த காப்பைப் பிய்த்தாள். தோலும் சேர்ந்து வந்தது.

கரண்ட் போனது போல வலி நின்றது. எல்லாம் அமைதியாக, தெளிவாக இருந்தது.

பிறகு அந்தச் சத்தம் வந்தது.

மனிதச் சத்தமென்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. அருஞ்சுனை ஆயிரம் கைகள் ஒரே நேரத்தில் பிடித்துத் திருகியது போலச் சுருண்டான். அவனுடைய இரண்டு கைகளும் தாமாகவே எழுந்து தலையைப் பொத்தின. இறங்கிக்கொண்டிருந்த மட்டை மண்டைக்குப் பதிலாக முன்னங்கையில் விழுந்தது. எலும்பு பிளந்த ஓசை எல்லாருக்கும் கேட்டது. “அம்மா!” என்று அவன் கத்தினான். நிறுத்தாமல் கத்தினான். அவன் குரல் அப்படி இருக்கும் என்று ஊரில் எவருக்கும் தெரியாது. இத்தனை வருடத்தில் அதை ஒருவரும் கேட்டதில்லை.

முந்நூறு வலது கைகள் பழக்கத்தில் இடது மணிக்கட்டைப் பற்றின. அங்கே ஒன்றுமில்லை. வெறும் கையைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் நின்றார்கள். ஒரு மட்டை கீழே விழுந்தது. பிறகு ஒன்று. பீடி பிடித்த பெரியவர் சாலையோரம் குத்தவைத்து உட்கார்ந்து வாந்தியெடுத்தார்.

தூத்துக்குடிக்காரர்கள் ஓடிவந்து அவனைத் தூக்கினார்கள். அதில் ஒருவனுக்கு மணிக்கட்டில் நீளமான தையல் தழும்பு இருந்தது. அவன்தான் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “கத்து, நல்லாக் கத்துலே, தப்பில்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

படிக்கட்டைத் தாண்டும்போது அருஞ்சுனையின் கண் அவள் கையில் தொங்கிய காப்பில் நின்றது.

“இதையா...” மூச்சு வாங்கியது. “இதையா வாங்கிட்டு இருந்தீங்க?”

இல்லை என்று தலையசைத்தாள். எறும்புதான் இத்தனை வருடமும். கடைசி இரண்டு நிமிடம்தான் இது. அதை அவனுக்கு எப்படிச் சொல்ல? அவன் அழுதான், அழுகைக்கு நடுவே சிரித்தது போலவும் இருந்தது. வேன் கதவு மூடியது.

கூட்டம் சத்தமில்லாமல் கரைந்தது. சாக்கு மட்டும் நடுச்சாலையில் கிடந்தது. சுடலைமணி அப்போதுதான் படியில் கிடந்தவளைப் பார்த்தான். மட்டையை ஊன்றிக்கொண்டு நொண்டி ஓடிவந்தான்.

“ஏ தாயி! கூட்டத்துல மிதிச்சுட்டானுவளா? எங்க பட்டுச்சு? காட்டு.”

உடம்பில் ஒரு கீறல் இல்லை. தூக்கிவிடக் கையைப் பிடித்தவன் மணிக்கட்டைப் பார்த்தான். வெயில் படாத வெள்ளைத் தடத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவள் விரல்களுக்கிடையில் காப்பின் சிறு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவன் கண்கள் மெதுவாக நகர்ந்தன. காப்பிலிருந்து அவளுடைய விலாவுக்கு. விலாவிலிருந்து அவளுடைய வலது முழங்காலுக்கு. அங்கேயே நின்றன.

“அண்ணே” என்றாள் வல்லி. “இப்ப வலிக்கலண்ணே. ஒண்ணுமே வலிக்கல.”

சுடலைமணி பட்டுத் துணியை வைப்பது போல அவள் கையை அவள் மடியில் வைத்தான். மட்டையைப் படியின் மேல் குறுக்காகக் கிடத்தினான். எழுந்தான். வீடு இடது பக்கம் இருந்தது. அவன் காலை இழுத்து இழுத்து வலது பக்கமாக நடந்து போனான்.